ஊசியில் கேட்ட காலடி

இது நடந்தது. சிவனேஸ்வரியிடம் கேட்டால் முதலில் நேரத்தைத்தான் சொல்வாள். 1985, ஆனி மாதம், வியாழக்கிழமை. பகல் ஒரு மணி நாற்பது நிமிடத்திலிருந்து மூன்று மணி வரை. இருட்டு இல்லை, மழை இல்லை, நித்திரைக் கலக்கமும் இல்லை. ஓட்டு இடுக்கால் வெயில் ஊசி ஊசியாக இறங்கிக்கொண்டிருந்த நடுப்பகல். நம்பாதவர்களோடு அவள் வாதாடுவதில்லை. "நீங்கள் அந்தக் கதிரையில இருக்கேல்லைத்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவாள். எழுந்து போக முடிகிறது என்பதில் அவளுக்கு இன்றைக்கும் ஒரு சந்தோசம் உண்டு.

கிளிநொச்சிக் குளத்துக்குக் கிட்ட இருந்த வாடகை வீடு அது. சீமெந்து நிலம்தான். ஆனால் அடியில் மண் இறங்கிப்போய், கால் வைத்தால் 'தொம்' என்று வெறுமையாகச் சத்தம் போடும். நெல் களஞ்சியத்தில் வேலை பார்த்த பரமேஸ்வரனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசை, கொழும்பில் பழசாக வாங்கிய றெக்கோட் பிளேயர். குடி இல்லை, சீட்டு இல்லை. அப்படிப்பட்ட புருசனைப் பற்றி முறைப்பாடு சொன்னால் யார் கேட்பார்கள்? அதனால் சிவனேஸ்வரி சொன்னதில்லை.

மாசியில் அவர்கள் வவுனியாவுக்குப் போனார்கள். அங்கே ஸுஹைரின் ரேடியோ திருத்தும் கடையில் பரமேஸ்வரன் ஒரு ஆம்பிளிபயரைத் தடவிக்கொண்டு நின்றான்.

"அதை வையுங்கோ அண்ணே" என்றான் ஸுஹைர். "தேஞ்ச ஊசிக்கு எந்த ஆம்பிளிபயர் போட்டாலும் தேஞ்ச சத்தம்தான் பெரிசாக் கேக்கும். கையில கொஞ்சம்தான் இருக்கெண்டால் முதல் ஊசிய மாத்துங்கோ. பிறகு பிளேயர் பெட்டிக்குக் கீழ மணல். பிறகு ரெண்டாவது ஸ்பீக்கர். ஆம்பிளிபயர் கடைசி."

"மணலோ? பகிடி விடாதையும் தம்பி."

"அல்லாவாணை பகிடியில்ல. ஒரு பலகைத் தட்டு அடிச்சு, மணல நிரப்பி, அதுக்கு மேல பெட்டிய வையுங்கோ. அதிர்வ மணல் குடிச்சிரும். உங்கட வீட்டு நிலம் எப்பிடி?"

"நடந்தால் தொம் எண்டும்" என்றாள் சிவனேஸ்வரி.

ஸுஹைர் சிரித்தான். "அப்ப புது ஊசி பாட்ட விட்டிட்டு அக்காட நடையத்தான் பாடும்." பிறகு ஒரு வித்தையும் சொல்லிக்கொடுத்தான். இசைத்தட்டைச் சுற்றவிடக் கூடாது. நிற்கிற தட்டில் ஊசியை இறக்கி, சத்தத்தை முழுக்கக் கூட்ட வேண்டும். "வீட்டில எது அசைஞ்சாலும் ஸ்பீக்கரில கேக்கும். எங்கயிருந்து அதிர்வு வருது எண்டு அப்பிடித்தான் பிடிக்கிறது."

புது ஊசி நன்றாகத்தான் பாடியது. அதோடு ஒரு சட்டமும் வீட்டுக்குள் வந்தது.

"சிவனேஸ், நடக்காதையும்! ஊசி துள்ளுது."

மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை, அவன் பாட்டுக் கேட்கிற நேரத்தில், அவள் நடக்கக் கூடாது. சமைக்கிற குசினியில் இருந்தால் குசினியிலேயே. அறையில் இருந்தால் அறையிலேயே. முதலில் அதை அவள் ஒரு விளையாட்டாக எடுத்தாள். பிறகு பெருவிரலில் நடந்தாள். பிறகு நான்கு மணிக்கே தண்ணீர், விளக்கு, பாய் எல்லாவற்றையும் கைக்கெட்டுகிற தூரத்தில் எடுத்து வைக்கப் பழகினாள். அப்படி ஒருநாள் எடுத்து வைக்கும்போதுதான், இது நோயாளிகளுக்குச் செய்கிற வேலையல்லவா என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை அவள் தனக்குள்ளேயே மடித்து வைத்துக்கொண்டாள்.

சித்திரை கழிந்து ஒரு மாலை. நேரம் ஆறு பத்து. குசினிப் பலகையில் இருந்தபடி முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

"நடக்காதையும் எண்டனான்!"

"நான் இருக்கிறன் இஞ்ச."

"பொய் சொல்லாதையும். சரக்குச் சரக்கெண்டு இழுத்து இழுத்து நடக்கிறீர். ஸ்பீக்கரில கேக்குது."

அவள் தன் கால்களைப் பார்த்தாள். மடித்த கால்கள் மடித்தபடியே இருந்தன.

அடுத்த வாரம் மணல் தட்டு வந்தது. குளத்து மணலைச் சலித்து, காயவைத்து நிரப்பியது அவள்தான். ஸுஹைர் சொன்னது சரி. அவள் மெல்ல வைத்த காலடியை மணல் முழுக்கக் குடித்துவிட்டது. இனி நடக்கலாம் என்று அவள் நினைத்தாள்.

"இப்பவும் நடக்கிறீர்" என்றான் பரமேஸ்வரன். "இப்ப இன்னும் துப்புரவாக் கேக்குது. ஒரு கால் ஊண்டி, மற்றதை இழுத்து... என்ன, காலில ஏதும் குத்திப்போட்டுதோ?"

அவளுடைய கால்களில் எதுவும் குத்தவில்லை. மாலைகளில் கொஞ்சம் மரத்துப்போயின, அவ்வளவுதான். தான் அறியாமலே நடக்கிறேனோ என்று அவள் யோசிக்கத் தொடங்கினாள். ஒருவர் மூன்று கிழமையாக ஒரே குற்றத்தைச் சொன்னால், செய்யாதவளுக்கும் அது செய்ததுபோல ஆகிவிடுகிறது.

ஆனி பிறந்ததும் இரண்டாவது ஸ்பீக்கர் வந்தது. ஊசித் தலையையும் மாற்றினான். இடப்பக்கச் சத்தம் இடத்தில், வலப்பக்கச் சத்தம் வலத்தில். அதைச் சரியாகக் கேட்க முன் விறாந்தைக்கும் குசினிக்கும் நடுவில், மண்டபத்தில், ஒரே ஒரு இடம்தான் உண்டு. சோக்கால் நிலத்தில் வட்டம் போட்டு, அதில் பிரம்புக் கதிரையை வைத்தான்.

"இதில இரும். ரெண்டு பக்கமும் ஒரே அளவோ? அசையாதையும். நான் ஸ்பீக்கர் பெட்டியளை நகர்த்திறன்."

மூன்று மாலைகள் அவள் அவனுக்குக் காதாக இருந்தாள். மூன்றாம் மாலை, எழும்பச் சொன்னபோது, கதிரைச் சட்டத்தைப் பிடித்துத்தான் எழும்ப முடிந்தது.

வியாழக்கிழமை பத்தரைக்கு ரேடியோவில் ஊரடங்குச் சட்டம் சொன்னார்கள். பரமேஸ்வரன் களஞ்சியத்தில் மாட்டிக்கொண்டான். றோட்டில் இரண்டு ஆமி டிரக் போனது. பிறகு நாய்கூடக் குரைக்கவில்லை. வாசல் படலையைத் தாண்டினால் சுடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டினாள்.

வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தாள். ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்காவிட்டால், நடந்தது தான்தான். தன் புத்திதான் பிழை. கேட்டால்... அதற்கு மேல் அவள் யோசிக்கவில்லை. பிழை தன்னிடம் இல்லை என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது.

ஒரு மணி நாற்பது. நிற்கிற தட்டில் ஊசியை இறக்கினாள். சத்தத்தை முழுக்கக் கூட்டினாள். கதிரையில் போய் இருந்தாள்.

ம்ம்ம்ம்... என்று மின்சாரத்தின் இரைச்சல். வேறொன்றும் இல்லை.

ஒன்று ஐம்பத்திரண்டு. இடப்பக்க ஸ்பீக்கர்.

சர்ர்ர்...

குசினிப் பக்கம். துணி நிலத்தில் உரசுவதுபோல.

சர்ர்ர்... தொம்.

நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற ஒருவர் நிற்பதுபோல நின்றது. சிவனேஸ்வரி குசினி வாசலைப் பார்த்தாள். அது கதிரையிலிருந்தே தெரியும். அங்கே வெயில் மட்டும் இருந்தது.

தொம். சர்ர்ர்... தொம்.

நான் இல்லை, என்று நினைத்தாள். சத்தியமாக நான் இல்லை. பயத்துக்கு முன்னால் வந்தது நிம்மதிதான். அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு வெட்கம்.

இரண்டு பத்து. இழுவை நின்றுவிட்டது. இப்போது இரண்டு கால்களும் ஊன்றின.

தொம்... தொம்... தொம்...

இடத்திலிருந்து வலத்துக்கு வந்தது. அவளுடைய கதிரைக்குப் பின்னால்.

திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் சத்தம் செய்தால் அது நிற்குமோ என்று குதிக்காலால் நிலத்தை ஓங்கி அடித்தாள்.

ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொரு முறை அடித்தாள். நிலத்திலும் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தாள்.

கால்கள் அசையவே இல்லை.

கையால் தொடையைக் கிள்ளினாள். யாருடையதோ தொடைபோல இருந்தது.

தொம் தொம் தொம் தொம்...

இப்போது வேகம். மண்டபத்தைச் சுற்றி, அறைக்குள் போய், திரும்பி வந்து, மறுபடி குசினிக்கு. பெரிய காலடிகள். ஆனால் புதிதாக நடை பழகிய குழந்தையின் ஆசை அதில் இருந்தது. சந்தோசமான காலடி. அதுதான் அவளைக் குலைத்தது.

இரண்டு நாற்பது.

முன்கதவுப் பக்கம் போனது.

கிறீச்...

தாழ்ப்பாள் நீங்குகிற சத்தம். வலப்பக்க ஸ்பீக்கரில் மட்டும். அவள் கண்ணுக்கு முன்னால் கதவு பூட்டியபடியே இருந்தது.

தொம்... தொம்... விறாந்தை.

தொம்... படி.

மெல்ல மெல்லத் தூரப்போனது.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அது அவளிடம் வரவில்லை. வெளியே போகிறது.

அது போகிறது. அவள் இருக்கிறாள்.

"போகாதை!" என்று கத்தினாள்.

கதிரையோடு சரிந்து விழுந்தாள். முழங்கையால் இழுத்தாள். இரண்டு முழம். மூன்று முழம். இடுப்புக்குக் கீழே கல்லைக் கட்டி இழுப்பதுபோல. மேசைக்கால் கையில் பட்டது. இழுத்தாள்.

மேசை சரிந்தது. ஊசி தட்டைக் கீறிக்கொண்டு போன சத்தம்... அது ஒரு பெண் குரல்போல இருந்தது.

பிறகு அமைதி.

மூன்று மணி.

கால்களில் எறும்பு ஊர்ந்தது. ஆயிரம் எறும்பு. அவள் அழுதாள், வலியில் அல்ல.

நிற்க முடியவில்லை. தவழ்ந்து பின்கதவால் இறங்கி, வேலியில் ஆள் நுழைகிற பொட்டுக்குள் தலையைக் கொடுத்தாள். அடுத்த வளவில் நேசமலர் அக்கா வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து இழுத்து எடுத்தா.  சிவனேஸ்வரியையும் றோட்டையும் மாறி மாறிப் பார்த்தா.

"எப்ப பிள்ளை திரும்பி வந்தனீர்?"

"எங்கையிருந்து அக்கா?"

"இப்பதானே... மூண்டுக்குக் கொஞ்சம் முன்னம் உங்கட படலையைத் திறந்துகொண்டு ஒரு பொம்பிளை றோட்டில இறங்கினவா. நீரெண்டு நினைச்சன். ஊரடங்குக்குள்ள எங்கை போறீரெண்டு கத்திக் கூப்பிட்டன். திரும்பியே பாக்கேல்லை. கையை வீசி வீசி நடந்து போனா."

பரமேஸ்வரன் மறுநாள் காலையில்தான் வந்தான். விழுந்து கிடந்ததைப் பார்த்து, "ஊசி முறிஞ்சு போச்சோ?" என்று கேட்டான். பிறகுதான் அவளைப் பார்த்தான். அவள் எழுந்தாள். வீட்டுக்குள் ஓங்கி ஓங்கி மிதித்து நடந்தாள். தொம் தொம் என்று கேட்டது. அவன் முறிந்த ஊசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு வட்டக்கச்சிக்கு வீடு மாறினார்கள்.

சாமான் ஏற்றும்போது நேசமலர் அக்கா கிட்ட வந்தா. முதலே சொல்லியிருக்க வேணும், பயப்படுவீரெண்டு விட்டிட்டன் என்றா. அந்த வீட்டில் முன்பு கமலாட்சி என்று ஒருத்தி இருந்தவளாம். பிள்ளைப்பேற்றோடு இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, ஒன்பது வருசம் மண்டபத்து நடுவில் ஒரே கட்டிலில் கிடந்து செத்தவள். நேசமலர் அக்கா கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டாளாம். ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாளாம்.

"அக்கா, என்ரை இடத்தில கொஞ்ச நேரம் நீங்கள் இருப்பீங்களே? நான் ஒருக்கா நடந்திட்டு வாறன்."