பின்னால் போகாத கார்

கேதீஸ்வரிக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. பத்தொன்பது வயதில், கரடியனாற்று வயல் வட்டையில் வேலை செய்துகொண்டிருந்த தகப்பனுக்குச் சோறு கொண்டுபோன வழியில் மிதிவெடி எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு பொய்க்காலில் நடந்தவளைப் பெண் கேட்டு வந்தவர் ஒரேயொருவர்தான். செட்டிபாளையத்து லொறிச் சாரதி உதயரூபன். கால் இல்லை என்று தெரிந்துதான் வந்தார். அதைப்பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை.

பத்து வருசத்துக்கு முன்னர், மாற்றலாகிப் போன ஒரு டொக்டரிடம் இருந்து பழைய ஓட்டோமெட்டிக் கார் ஒன்றை அவர் வாங்கி வந்தார். கிளட்ச் இல்லாத வண்டி. வலது கால் ஒன்று இருந்தால் போதும். இருபத்தைந்து வருசம் லொறி ஓட்டிய மனிதர் அப்படி ஒரு வண்டியை வாங்கியது ஏன் என்று கேதீஸ்வரிக்குச் சொல்லித் தெரியவேண்டியிருக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அவள் கல்லாறு வரைக்கும் தனியே ஓட்டிப்போய் வந்தாள்.

பிறகு அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகின. செவ்வாயும் வெள்ளியும் மட்டக்களப்புக்குப் போய், நான்கு மணித்தியாலம் படுத்திருந்து, இரத்தம் சுத்தம் செய்துகொண்டு திரும்ப வேண்டும். அவர் இடப்பக்க இருக்கைக்கு மாறினார். அவள் ஓட்டினாள். மூன்று வருசம் அப்படிப் போனது.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, கியரைப் போட்டதும் கார் அசையாமல் நின்றது. நாலைந்து நொடி கழித்து ஒரு உதறு உதறி முன்னால் பாய்ந்தது. அடுத்த செவ்வாயும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும்போது கியர் மாறுகிற இடத்தில் எஞ்சின் வீணாக இரைந்து, பிறகுதான் பிடித்தது. அவருக்குக் கேட்கக்கூடாது என்று கேதீஸ்வரி ரேடியோச் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

ஆரையம்பதி தாண்டியதும் அவர் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினார்.

“எனக்கும் கேட்டுத்தான் இரிக்கு. மூண்டாம் கியர் வழுக்குது. ஏறாவூருக்குக் கொண்டு போய் றம்ஸீனிட்டக் காட்டுவம்.”

றம்ஸீனின் கராஜ் ஏறாவூர் பிரதான வீதியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. உதயரூபனின் லொறிக்காலத்துப் பழக்கம். அவன் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே கியரை ஒவ்வொரு இடத்துக்கும் தள்ளிப் பார்த்தான். பிறகு ஓயில் பார்க்கும் கம்பியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்தான். சிவப்பாக இருக்கவேண்டிய ஓயில் கருகின சீனிப்பாணிபோல இருந்தது. அளவு குறையவில்லை. மணந்து பார்த்தான். கீழே படுத்து, கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றினான். தட்டிலிருந்த காந்தத்தில் கறுப்புச் சேறு தடித்திருந்தது. அதற்குள் மினுமினுவென்று இரும்புத்தூள்.

சேறு எந்தப் பழைய வண்டியிலும் இருக்கும், மினுங்குகிறதுதான் கூடாது என்று அவன் விளங்கப்படுத்தினான். உள்ளே கியரைப் பிடித்துக் கொடுக்கிற தட்டுகள் தேய்ந்துவிட்டன. ஓயிலை முழுவதும் மாற்றினால் இப்போது பிடிக்கிறதும் பிடிக்காமல் போகக்கூடும். மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றலாம், ஓயில் வடிகட்டுகிற வடியைக் கழுவலாம், எஞ்சினிலிருந்து கியருக்கு வருகிற கேபிளை இறுக்கலாம். எவ்வளவு நாளைக்கு என்று அவள் கேட்டாள். அவன் உதயரூபனைப் பார்த்தான்.

“ஓடுற வரைக்கும்தான் அக்கா. உள்ளுக்குத் தேஞ்ச சாமான நான் வெளியால நிண்டு வளக்க ஏலா.”

உதயரூபன் சிரித்தார். அந்தச் சிரிப்பு கேதீஸ்வரிக்குப் பிடிக்கவில்லை.

ஆடி வரைக்கும் ஓடியது. காலையில் பத்து நிமிசம் எஞ்சினைச் சூடாக்கிவிட்டுத்தான் கியரைத் தொட்டாள். ஆடி நடுவில் ஒருநாள் பின்கியர் பிடிக்கவில்லை. எவ்வளவு மிதித்தாலும் கார் பின்னால் ஒரு சாண் நகரவில்லை. அன்றிலிருந்து, திரும்ப வெளியே எடுக்க முடியாத இடத்துக்குள் காரை விடாமல் பார்த்துக்கொண்டாள். வீட்டு வளவின் பின்வேலியைப் பிரித்து இன்னொரு வாசல் வைத்தாள். ஆஸ்பத்திரியில் இடம் இருந்தாலும் உள்ளே விடாமல் தெருவோரத்தில், போகும் திசைக்கு முகம் வைத்து நிறுத்தினாள். அங்கிருந்து வாட்டுக்கு அவர் இருநூறு அடி நடக்க வேண்டும். இடையில் இரண்டு தடவை நின்று மூச்செடுப்பார்.

ஆவணியில் ஒரு செவ்வாய், கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தில் முன்கியரும் விட்டுப்போனது. எஞ்சின் அலறியது, கார் நின்றது, பிறகு மெல்லப் பின்னுக்கு உருளத் தொடங்கியது. கேதீஸ்வரி பிரேக்கை மிதித்துப் பிடித்தாள். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தது. காலை எடுத்தால் வண்டி உருளும் என்ற பயத்தில் கைப்பிரேக் இருப்பதுகூட அவளுக்கு நினைவு வரவில்லை. அதற்குள் அவர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

கண்ணாடியில் பார்த்தாள். அவர் காரின் பின்பக்கத்தில் இரண்டு கைகளையும் ஊன்றி, தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டிருந்தார். இரத்தம் எடுக்கிற ஊசிக்காக நரம்பைப் பெருப்பித்து வைத்திருந்த இடக்கையும் அதில் இருந்தது. பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன கை. கார் அசையவில்லை. அவர் விடவுமில்லை. மீன்பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் இறங்கி அவரை விலக்கிவிட்டு, வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அவர் நடைபாதை விளிம்பில் குந்தியிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காரை றம்ஸீன் ஆள் அனுப்பிக் கட்டி இழுத்துப் போனான். வேறு கியர்பொக்ஸ்தான் போடவேண்டும், கொழும்பில் சொல்லியிருக்கிறேன், வந்ததும் பூட்டித் தருகிறேன் என்றான்.

அதன்பிறகு ஓட்டோவில்தான் போய்வந்தார்கள். திரும்பும் வழியில் குலுக்கலில் அவர் சாப்பிட்டதைச் சத்தி எடுத்தார். மூன்றாம் கிழமை வெள்ளியன்று, இன்றைக்கு வேண்டாம் என்றார். பிறகு ஒரு செவ்வாயும் விட்டார். கால்கள் வீங்கின. கேதீஸ்வரி இரண்டு நாளுக்கு ஒருதரம் றம்ஸீனுக்குக் கோல் எடுத்தாள். இன்னும் வரவில்லை அக்கா என்றே அவன் சொன்னான்.

நான்காம் கிழமை, பக்கத்து வீட்டுச் சீதேவியை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பஸ் மாறி ஏறாவூருக்குப் போனாள். கராஜில் அவளுடைய கார் தூசி பிடித்து நின்றது. பக்கத்தில், பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே ஒரு கியர்பொக்ஸ். கழுவித் துடைத்து, மேலே வெள்ளைச் சோக்கால் ‘செட்டிபாளையம்’ என்று எழுதியிருந்தது.

றம்ஸீன் கையைத் துணியில் துடைத்தபடி வந்தான். அவள் கேட்க முதலே சொன்னான்.

“வந்து ஒம்பது நாள் அக்கா. அண்ணன் கோல் எடுத்தாரு. இப்ப பூட்ட வேணாமாம். கார் சரியானா அவ என்னக் கொண்டு போவா, எனக்கு இனி ஏலா, இத என்ட வாயால அவக்கிட்டச் சொல்ல மாட்டன், கார் இல்லாமயே நாள் போகட்டும் எண்டாரு.” துணியைக் கீழே போட்டான். “நான் என்னத்தச் செய்யிற? பொய்யும் சொல்லிட்டன், ஒம்பது நாளா நித்திரையும் இல்ல.”

கேதீஸ்வரி அவனை ஏசவில்லை. பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். அவன் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தான், குடித்தாள். எழும்பும்போது, “பூட்டுங்க தம்பி,” என்று மட்டும் சொன்னாள்.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது அவர் சாய்கதிரையில் கிடந்தார். சீதேவியை அனுப்பிவிட்டு வந்து சொன்னாள்.

“ஏறாவூருக்குப் போய்ட்டு வாறன்.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். “அவன் நல்ல பொடியன். பொய் சொல்லத் தெரியா.”

“எனக்கிட்டச் சொல்லியிருக்கலாம்தானே.”

“எப்படிச் சொல்லுற? விடியக் குளிச்சி, உடுத்து, கார் கதவத் திறந்து புடிச்சிட்டு நீ நிக்கிற முகத்தப் பாத்து, வரல்ல எண்டு சொல்ல எனக்கு வாய் வரல்ல. மூண்டு வருசமா வரல்ல.”

மூன்று வருசம் என்று அவர் சொன்னதுதான் அவளை உலுக்கியது. இந்த ஒரு மாதத்துக் களைப்பு என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

விளக்கைப் போட்டுவிட்டு வந்து அவள் ஒன்று கேட்டாள். மகள் தனுஷா கட்டாரிலிருந்து ஐப்பசியில் லீவில் வருகிறாள், அதுவரைக்கும் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும், அதற்குப் பிறகு நான் கேட்க மாட்டேன் என்றாள். அவர் தலையாட்டினார்.

றம்ஸீன் காரைத் திருப்பிக் கொடுத்தான். போட்டவுடனே கியர் பிடித்தது, மாறுகிறது தெரியாமல் மாறியது. பதினான்கு தடவை அவள் அவரைக் கொண்டுபோய் வந்தாள். கவனிக்க ஒரு சத்தமும் இல்லாததால் வழியில் இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. தனுஷா வந்து மூன்றாம் நாள் அவர் போவதை நிறுத்தினார். மகள் அழுதாள், சண்டை பிடித்தாள். கேதீஸ்வரி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கார்த்திகை மழையில், ஒரு மத்தியானம், வீட்டிலேயே அவர் போனார்.

கார் பழுதாகாமல் இருந்திருந்தால் மனிதர் இன்னும் இருந்திருப்பார் என்று ஊரில் சொல்கிறார்கள். கேதீஸ்வரி யாரையும் திருத்துவதில்லை. அந்தப் பதினான்கு தடவையும் அவருக்காகப் போனதா, தனக்காகப் போனதா என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. களுவாஞ்சிக்குடிச் சந்தைக்கும் தான் மருந்தெடுக்கிற கிளினிக்குக்கும் இப்போதும் அந்தக் காரில்தான் போகிறாள். மாதத்தில் ஒருதரம் றம்ஸீன் கோல் எடுத்து, கார் எப்படி ஓடுது அக்கா என்று கேட்பான். நல்லா ஓடுது தம்பி என்பாள்.