குறுக்கே பிடித்த மட்டைகள்

எண்பதுகளில் ஒரு தீபத் திருவிழாவின்போது, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நரைத்த தலை, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. இரண்டு கைகளிலும் சிவப்பு மட்டைகளை அசைத்து, கூட்டத்துக்கு நடுவே பஸ்களை உள்ளே வரவழைப்பார். தலைக்கு மேல் மட்டைகளைக் குறுக்கே பிடித்தால் பஸ் நின்றுவிடும். கிளம்புகிற பஸ்ஸுக்கு மட்டும் கையே தூக்கமாட்டார். கண்டக்டர்தான் விசில் அடிக்க வேண்டும்.

"போறதுக்கு ஏங்க காட்டமாட்டேங்குறீங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளைக்காரன் போன புதுசுல, ஒரு சின்ன ஏர்போர்ட்ல ப்ளேனுக்கு இப்படித்தாங்க காட்டிக்கினு இருந்தேன். கம்பெனி திவாலாயிடுச்சு. கடைசி ப்ளேனுக்கும் நான்தான் 'போ'ன்னு காட்டினேன், மறுநாள் வந்துடும்னு நெனைச்சு. இப்போ அங்க ஆடு மேயுதுங்க."

என் பஸ் நகர்ந்தது. பின்கண்ணாடி வழியே திரும்பிப் பார்த்தேன். மட்டைகளைத் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தபடி நின்றிருந்தார்.

பஸ் நிற்கவில்லை.