ஐந்து குடம் நிறையும் நேரம்

மந்தைவெளியில் நாங்கள் இருக்கும் காம்பவுண்டில் நான்கு குடித்தனங்கள். வாசலில் ஒரு அடிபம்பு இருக்கிறது. காலை ஐந்து மணிக்குத் தெருக் குழாயில் தண்ணீர் விடுவார்கள். பம்பின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, பத்துத் தடவை வெறுமனே அடித்த பிறகுதான் அது கக்க ஆரம்பிக்கும். எங்கள் வீட்டுக்கு ஐந்து குடம். அரை மணி நேரமாவது ஆகும்.

நான் அடிப்பேன். என் மனைவி குடத்தை வைப்பாள், நிறைந்ததும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் உள்ளே இறக்குவாள். வெறும் குடத்தோடு திரும்பி வந்து, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள்.

அவள் பெருங்குடியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் தரை துடைக்கிறாள். நான் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை மடிக்கிறேன். வாங்க வருபவர்கள் பிரித்துப் போட்டதையெல்லாம் மடித்து அடுக்க வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட, கூச்சம் பிடித்த எனக்கு ஏற்ற வேலை. நான் வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். அதனால் எங்களுக்குப் பேச்சு என்றால் அந்த ஐந்து குடம்தான்.

யாருடைய முகத்தையும் பார்த்துப் பேச எனக்கு வராது, மனைவியாக இருந்தாலும். பம்படியில் பார்வை குடத்தின் வாயில் இருக்கும், பேச்சு தானாக வரும். நாற்பது புடவையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு போன அம்மாவைப் பற்றிச் சொல்லுவேன். அவள் தான் துடைக்கும் நாலாவது மாடியில் வேலை செய்யும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லுவாள். அந்தப் பெண் மேசைமேல் பாட்டிலில் ஒரு கொடி வளர்த்தாள். லீவு போட்டால் என் மனைவியிடம்தான் அதை ஒப்படைத்துவிட்டுப் போவாளாம். கொடியில் புது இலை விட்டால் மறுநாள் காலை எனக்குத் தெரிந்துவிடும்.

பிறகு அவளுக்கு இடுப்பு வலி வந்தது. மூன்றாவது குடத்தில் பல்லைக் கடிப்பாள். நீ அடி, நான் தூக்குகிறேன் என்று மாற்றிப் பார்த்தோம். அடிக்கக் குனிந்தால் வலி இன்னும் அதிகமானது. ஒரு வாரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, வீட்டு ஓனர் வீட்டுப் படியேறினேன். "கீழ ஒரு தொட்டி கட்டி, மோட்டார் போட்டா நல்லாருக்கும் சார்" என்றேன்.

"நீயா பேசுற? இத்தினி வருஷத்துல உன் குரல இன்னிக்குதான்யா கேக்குறேன்" என்றார் அவர். அடுத்த மாதமே மோட்டார் வந்தது, மொட்டை மாடியில் டாங்க் வந்தது, வீட்டுக்கு ஒரு குழாய் வந்தது.

"வாயே தொறக்காத மனுஷன் ஒரு தபா தொறந்தாரு, மோட்டாரே வந்துச்சு. இன்னொரு தபா தொற அண்ணே, லிஃப்ட்டு வரட்டும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என் மனைவி குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடிச் சிரித்தாள். அவளுடைய வலியும் குறைந்தது.

அதற்குப் பிறகு இருவரும் ஐந்தரைக்கு எழுந்தோம். அவள் சோறு வடித்து, டப்பாவில் போட்டுக்கொண்டு, ரயிலுக்கு ஓடுவாள். "சாவி எடுத்துக்கினியா?" என்பேன். "கேஸ மூடிடு" என்பாள். நாளெல்லாம் அவ்வளவுதான். மிச்சமான அரை மணி நேரம் எங்கே போனது என்று தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிக்கொடுத்த எங்கள் மகள் வந்திருந்தபோது பேச்சோடு பேச்சாக, "அம்மாவ ஆறாவது மாடிக்கு மாத்தி மூணு மாசம் ஆவுதே, உனக்குத் தெரியாதா?" என்றாள். எனக்குத் தெரியாது. மறுநாள் கடையில் ஒரே புடவையை மூன்று முறை கோணலாக மடித்தேன்.

அதற்கு அடுத்த நாள் ஐந்து மணிக்கு எழுந்து, சொம்பில் தண்ணீர் எடுத்துப் போய் பம்பில் ஊற்றி அடித்தேன். கிறீச்சென்ற சத்தத்தில் அவள் எழுந்து வந்தாள்.

"இன்னாபா, மோட்டார் ஓடலியா?"

"ஓடுது."

"அப்புறம் இன்னாத்துக்கு இத்தப் போட்டு அடிச்சிக்கினு கீற?"

"குடிக்கறதுக்கு. டாங்க் தண்ணி ஒரு மாதிரி வாட வருது."

"ரெண்டும் ஒரே பைப்பு தண்ணிதான்."

நான் அடித்துக்கொண்டே இருந்தேன். அவள் உள்ளே போய்விடுவாள் என்று நினைத்தேன். போகாமல் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள். குடத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், "அந்தக் கொடி இன்னா ஆச்சு?"



"நல்லா கேட்ட போ, மூணு மாசம் கழிச்சு. அந்தப் பொண்ணு வேலைய வுட்டுப் போயிடுச்சு. பாட்டில என் கையில குடுத்துட்டு அயுதுச்சு. ஆறாவது மாடி பாத்ரூம் ஜன்னலாண்ட வச்சிகீறேன். வெயிலே படல, ஆனாலும் வளருது" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் குடம் வழிந்தது. நானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வருவதற்குள், அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

இப்போது தினமும் ஒரு குடம் அடிக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் வருகிறாள். மற்ற நாட்களில் நான் எழுப்புவதில்லை. அவள் இடுப்புக்கு ஓய்வு கிடைக்கத்தானே படியேறிக் கேட்டேன். ஆனால் ஒரு குடம் சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. அதனால் மெதுவாக அடிக்கிறேன். கழுத்து வரை தண்ணீர் வந்ததும் கையை நிறுத்திவிட்டு, எங்கள் கதவைப் பார்க்கிறேன்.