ஐந்நூற்று முப்பத்தாறாம் ஆண்டில் நாங்கள்

அஜின்கோர்ட்டில் பஸ்ஸுக்காக நின்றபோது சூரியனை நேராகப் பார்த்தேன். கண் கூசவில்லை. வடக்கே காடுகள் எரிந்த புகை நாங்கள் குடியேறிய இந்தக் குளிர்நாட்டு நகரத்தின் மேல் கவிந்திருந்த ஜூன் மாதம் அது. பட்டப்பகலில் சூரியன் பழுத்த தோடம்பழம் போலத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் போனை உயர்த்திப் படம் எடுத்தார்கள். நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். நிழல் இல்லை.

அப்போதுதான் பொறி தட்டியது. ரோமப் பேரரசின் கடைசிக் காலம் பற்றிய வகுப்பில் படித்த ஓர் ஆண்டு: கி.பி. 536. எங்கோ ஓர் எரிமலை வெடித்து, அதன் தூசு உலகின் வடபாதியை மூடி, மாதக்கணக்காகச் சூரியன் மங்கிப்போன காலம். நண்பகலிலும் உடலுக்கு நிழல் விழவில்லையென்று இத்தாலியில் ஓர் அரச அதிகாரி அந்த நாட்களில் எழுதியிருக்கிறார். பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்துபோன விஷயம். பஸ் வந்தது, ஏறவில்லை. பக்கத்து ஊரான மார்க்கமில் இருக்கும் என் மச்சாளை போனில் பிடித்து ஒரே மூச்சில் சொன்னேன்: அந்த ஒரு வருடத்தில் உலகம் முழுக்க என்ன நடந்ததென்று எங்கள் ஆட்களுக்குத் தமிழில் ஒரு மாலை பேசவேண்டும்.

"நீ முதல்ல வீட்டுக்குள்ள போ, புகையைக் குடிச்சுக்கொண்டு நிக்காதை," என்றாள். பிறகு, "மேப் நான் கீறுறன்."

மச்சாளுக்குக் கணினி நிறுவனத்தில் வேலை. மற்றவர்கள் எழுதியதில் பிழை பிடிப்பதுதான் தொழில். வரலாற்றையும் அப்படியே பிடித்தாள். வெள்ளைக் கட்டில் விரிப்பு ஒன்றில் உலகத்தை வரைந்து, நான் கொண்டுபோகும் ஒவ்வொரு செய்திக்கும் "உதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டாள். ஆதாரம் இருந்தால் மை. இல்லாவிட்டால் வெறுந்துணி. அவளுடைய அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்குப் பொறாமை கலந்த பெருமை. சீனாவுக்கு மை கிடைத்தது, அயர்லாந்துக்குக் கிடைத்தது. தமிழ்நாட்டுக்கும் ஈழத்துக்கும் கிடைக்கவில்லை. அந்த ஆண்டைச் சேர்ந்ததென்று திடமாகச் சொல்லக்கூடிய எதுவும் எங்கள் தேடலில் அகப்படவில்லை.

தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு கூட்டம் வைக்கும் அங்கிள் ஒருவர் எங்களுக்கு ஒரு சனி பின்னேரம் தந்தார். தமிழர் பற்றி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை அவரிடம் முதலிலேயே சொன்னோம். தலையாட்டினார். பிறகு மீன்கடைக் கண்ணாடியில் அவர் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தேன். சூரியன் மறைந்த ஆண்டில் தமிழர் செய்தது என்ன, விடை இங்கே என்று பெரிய எழுத்தில் இருந்தது. ரோமும் சீனாவும் அடியில் பொடி எழுத்தில்.

மண்டபம் நிறைந்துவிட்டது. கதிரை போதாமல் சிலர் சுவரோடு நின்றார்கள். என்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்பதற்காகத்தான் இத்தனை பேரும் வந்திருக்கிறார்கள். இன்று ஏமாந்து போனால் இவர்கள் இப்படி ஒரு பேச்சுக்கு இனி வரப்போவதில்லை.

"அங்கிள், எங்களிட்ட விடை இல்லையெண்டு சொன்னனான்தானே."

"ஓம் பிள்ளை, சொன்னனீர். அதைப் போட்டா ஆர் வருவினம்? ஒரு பல்லவ ராசாவைச் சொல்லும், கப்பல் விட்டவன் எண்டு சொல்லும். ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

மச்சாள் விரிப்பைச் சுவரில் குத்திக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "இவள் அப்பிடிச் சொன்னா, நான் மேப்பைக் கழட்டிக்கொண்டு போயிடுவன், அங்கிள்."

பேசத் தொடங்கியதும் பயம் போய்விட்டது. அந்த வருடத்து மனிதர்கள் அப்படிப்பட்டவர்கள். நிழல் விழவில்லையென்று எழுதிய அதிகாரி அதோடு நிற்கவில்லை. போன வருட விளைச்சலை எடுத்து இந்த வருடப் பசியைச் சமாளி என்று தன் கீழுள்ளவருக்கு அறிவுறுத்தினார். சீனாவில் கோடையில் வெண்பனி விழுந்ததைக் குறித்துவைத்தார்கள். அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்பில் தின்னப் பாண், அதாவது ரொட்டி, இல்லாமற்போனது ஒரே வரியாக நிற்கிறது. ஆண்டுக் கடைசியில் கிழக்கு ரோமப் பேரரசின் படை ரோம் நகருக்குள் ஒரு வாசலால் நுழைய, அதுவரை அதை ஆண்ட கோத்துப் படை இன்னொரு வாசலால் வெளியேறியது. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது அந்தப் பேரரசின் தலைநகர் கொன்ஸ்தாந்திநோபிள். அந்த மங்கல் வெளிச்சத்திலும் அங்கே பெரிய தேவாலயத்தின் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கூரைக் குவிமாடத்தின் அடியைச் சுற்றி யன்னல்கள். வெயிலே சரியாக வராத காலத்தில் வெயில் உள்ளே வருவதற்கு வழி வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

பிறகு வெறுந்துணிக்கு வந்தேன். இங்கே என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது என்றேன். முன்வரிசையில் இருவர் எழுந்து போனார்கள். பின்னாலிருந்து ஒரு குரல், அப்போ நோட்டீஸில் போட்டது என்னவென்று கேட்டது. எல்லாத் தலையும் அங்கிள் பக்கம் திரும்பியது.

"விடை தேத்தண்ணிக்குப் பிறகு," என்றார் அவர். மண்டபம் சிரித்தது.

அந்தச் சிரிப்பில்தான் ஆட்கள் தங்கினார்கள். வடையும் தேநீருமாக விரிப்பின் முன்னால் கூடி நின்றார்கள். எரிமலைச் சாம்பலின் தடம் கிரீன்லாந்துப் பனிக்கட்டியில் இருக்கிறது, வளராத வருடம் குளிர்நாட்டு மரங்களில் ஒடுங்கிய வளையமாக இருக்கிறது, எங்கள் ஊர் மரங்களில் பெரும்பாலும் அப்படித் தெளிவாக வளையம் விழுவதில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கணவரைக் காரில் கொண்டுவந்து விடவே வந்ததாகச் சொன்ன மன்னார் அன்ரி ஒருவர் வெறுந்துணியில் விரலை வைத்தார்.

"மரம் சொல்லாட்டி மண் சொல்லாதோ? எங்கட கட்டுக்கரைக் குளம் அந்தக் காலத்திலயே இருந்ததெண்டுதானே சொல்லுகினம். அடிச்சேற்றில ஒண்டும் படிஞ்சிருக்காதோ?"

நான் வாயைத் திறக்குமுன் மச்சாள் பென்சிலை எடுத்துவிட்டாள். மன்னாருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் கேள்விக்குறி. மை இல்லை. அவளிடமிருந்து அதுவே பெரிய சலுகை. அங்கிள் அதை எட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த நோட்டீஸை எங்களையே எழுதச் சொன்னார்.

ஏரிச் சேற்றைக் குழாயால் துளைத்தெடுத்து, அடுக்கடுக்காகக் காலம் கணிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். கட்டுக்கரையில் யாரும் அப்படிச் செய்தார்களா என்பது தெரியாது. குளத்தை எத்தனையோ தரம் வெட்டி ஆழமாக்கியிருந்தால் அடுக்குகள் கலைந்தும் போயிருக்கும். அன்ரியின் தம்பி அந்தக் குளத்துத் தண்ணீரில்தான் இன்னும் வயல் செய்கிறாராம். ஞாயிறு காலை அவரை அழைத்து, குளத்தில் கைபடாத மூலை ஏதாவது இருக்கிறதா என்று கேட்கப் போகிறோம். இருந்தால், சேறு துளைக்கும் ஆராய்ச்சிக்காரர் ஒருவரைத் தேடிப் பிடிக்கவேண்டும்.