தப்பு நம்மகிட்ட இல்ல

தப்பே செய்யாத மனிதர் என்று ஒருவர் இருக்க முடியுமா? படகுத்துறை மெக்கானிக்கைக் கேட்டால், கண்ணாடியில் தலை சீவிக்கொண்டே "ஏன் முடியாது?" என்பார். பழுது பார்த்துக் கொடுத்த எந்த இன்ஜின் திரும்ப வந்தாலும், இருபது வருஷமாக அவர் வாயில் முதலில் வருவது ஒன்றுதான்: "தப்பு நம்மகிட்ட இல்ல." கடைசியில் அவர் பெயரே 'நம்மகிட்டஇல்ல' ஆகிவிட்டது.

அவர் கைபட்ட படகு ஒன்று நடு ஆற்றில் நினைத்தால் நின்றது, நினைத்தால் ஓடியது. பிளக்கை மாற்றினார். கார்புரேட்டரைக் கழுவினார். தனியாக ஓட்டிப் பார்த்தால் இன்ஜின் சமர்த்துப் பிள்ளை.

"இன்னொரு தடவை நின்னா அக்கரை மெக்கானிக்கிட்ட குடுத்துருவேண்ணே" என்றார் படகுக்காரர்.

அக்கரைக்காரன் சிரிப்பதை நினைத்தாலே இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் பயணிகளோடு தானும் ஏறிக்கொண்டார்.

படகுக்காரரின் மாமியார் வந்தார். பின்பக்கத்துப் பெட்ரோல் டாங்க்தான் படகிலேயே அகலமான இடம். அதன்மேல் தன் ரெக்சின் மெத்தையைப் போட்டு, சிம்மாசனத்தில் ஏறுவதுபோல அமர்ந்தார். பாதி ஆறு தாண்டியதும் இன்ஜின் இருமியது, நின்றது.

மாமியார் எழுந்தார். மெத்தைக்கு அடியில் 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு.

"ஏன் மாப்ள, கயித்த இழுக்கறீங்களா, கொஞ்சறீங்களா? பொண்ணு குடுக்கும்போதே யோசிச்சிருக்கணும்!"

மாப்பிள்ளை இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை மறுபடி இழுத்தார். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாத்தீங்களா தம்பி?" என்றார் மாமியார் மெக்கானிக்கிடம். "நாலு வார்த்தை திட்டினாத்தான் இது ஓடும். நான் வராத அன்னிக்கெல்லாம் இவர் என்ன பண்றாரோ, பாவம்!"

டாங்க் மூடியில் ஊசி நுழையும் அளவு ஓட்டை உண்டு. அது வழியே காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் வெளியே வரும். மாமியார் உட்கார்ந்தால் மெத்தை அதை அடைக்கிறது. திட்ட எழுந்தால் விடுகிறது. இந்த ஒருமுறை தப்பு சத்தியமாக மெக்கானிக்கிடம் இல்லை. சாட்சிக்குப் படகு நிறைய ஆட்கள். மெக்கானிக் வாயைத் திறந்தார். மாமியார் மெத்தையைத் தட்டிச் சரிசெய்து, பெருமையோடு மறுபடி அமர்ந்தார். மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார்.

கரைக்கு வந்ததும் டாங்கின் பக்கவாட்டில் காற்றுக்கென்று வளைந்த குழாய் ஒன்றைப் பொருத்தினார்.

"என்னதாண்ணே கோளாறு?" என்றார் படகுக்காரர்.

ஸ்பேனரை வெகுநேரம் துடைத்தார். "மூடிய நான்தான் சரியா மாட்டல. தப்பு நம்மகிட்டதான்."

துறையே திரும்பிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் அக்கரைக்காரன் வயிறு வலிக்கச் சிரித்து முடித்திருந்தான்.

இப்போது இன்ஜின் நிற்பதில்லை. மாமியார் முன்கூட்டியே திட்டிவிடுகிறார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று யாராவது கேட்டால், மெக்கானிக் கையை நீட்டுவார்: "அந்த பிளக்கை எடு."