முட்டைத் திருடனைத் தேடி வந்தவர்கள்

எங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகத்தை எழுதும் பொறுப்பு எனக்கு வந்ததற்கு என் எழுத்துத் திறமை காரணமில்லை. அது முடிவான அன்று ஆசிரியர் கூட்டத்துக்கு நான் தாமதமாகப் போனேன். வேறு எந்தப் பொறுப்பும் மிச்சமில்லை. நான் பொருளியல் வாத்தியார். அதுவரை எழுதிய படைப்புகள் லீவ் லெட்டர்கள் மட்டுமே. அவற்றில் கற்பனை அதிகம் என்று தலைமையாசிரியரே சொல்லியிருக்கிறார்.

கதை இதுதான். மதிய உணவு முட்டைகளில் ஒன்று காணாமல் போகிறது. திருடனைப் பிடிக்கப் போலீஸ் படையே வருகிறது. எங்கள் ஊர்க் காவலர்கள் போடுவது போலவே சார்ட் பேப்பரில் சிவப்புத் தொப்பிகள் செய்தோம். இன்ஸ்பெக்டர் வேஷம் எனக்கு; தொப்பைக்குத் தனியாகத் தலையணை வாங்க வேண்டியிருக்கவில்லை. நான் உள்ளே நுழைந்து "எவன்டா அது?" என்று கத்துவேன். முதல் பெஞ்சுப் பையன் துள்ளி எழுந்து சல்யூட் அடித்து "நான்தான் சார்!" என்பான். அவனைத் தொடர்ந்து ஒவ்வொருவராக எழுந்து எல்லாரும் "நான்தான் சார்!" என்பார்கள். கடைசியில் முட்டை இன்ஸ்பெக்டரின் தொப்பிக்குள்ளேயே இருக்கும்.

ஒத்திகைக்குத் தனி நேரம் கிடைக்கவில்லை. அதனால் பாடத்துக்கு நடுவில் திடீரென்று வெளியே போய், திரும்ப நுழைந்து கத்துவேன். சில நாள் விளையாட்டு வாத்தியாரை அனுப்புவேன், ஒரு நாள் வாட்ச்மேனை அனுப்பினேன். யார் வந்து கத்தினாலும் வசனம் வர வேண்டும் என்பது என் பயிற்சி முறை. நாடகத்தில் நடித்த பதினொன்றாம் வகுப்பு அதில் தேறிவிட்டது. பொருளியலில் தேறவில்லை.

அன்று பலகையில் கோடு வரைந்துகொண்டிருந்தேன். பின்னால் பூட்ஸ் சத்தம். திரும்பினால் ஒரு சப்-இன்ஸ்பெக்டர், அவருக்குப் பின்னால் சிவப்புத் தொப்பி போட்ட இரண்டு காவலர்கள். தொப்பிகள் சார்ட் பேப்பரில் செய்தவை இல்லை என்பது எனக்குத்தான் தெரிந்தது.

"நேத்து மூலக்குளத்துல வில்லியனூர் பஸ் கண்ணாடிய ஒடச்சவன் எவன்டா?"

முதல் பெஞ்சுப் பையன் துள்ளி எழுந்தான். சல்யூட் அடித்தான். "நான்தான் சார்!"

வகுப்பே சிரித்தது. அடுத்த பெஞ்சில் இன்னொருவன் பாதி எழுந்துவிட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அறை விழுந்தது. அறை என்றால், எங்கள் இரண்டாவது மாடியில் எதிரொலித்த அறை. பையன் பெஞ்சின் மேல் சாய்ந்தான். கடைசிப் பெஞ்சுகள் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தன. புதிதாக ஒரு காட்சி சேர்த்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்கள்.

பிறகு லத்தி. முதுகில், தோளில், தடுத்த கையில். சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. பையன் அழவில்லை. என்னைப் பார்த்தான். வசனம் மறந்துபோனால் மேடையிலிருந்து பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

"சார், அது நாடகம் சார், முட்ட நாடகம்!" என்று கத்திக்கொண்டு குறுக்கே போனேன். என் வாழ்நாளில் நான் சொன்ன உண்மைகளில் இவ்வளவு பைத்தியக்காரத்தனமாக ஒலித்தது வேறு இல்லை.

"யோவ் வாத்தியாரே, ஓரமா நில்லு."

ஒரு தள்ளு. இன்ஸ்பெக்டர் வேஷத்துக்குத் தோதான உடம்பு குப்பைத் தொட்டியின் மேல் உட்கார்ந்தது. கையில் சாக்பீஸ் அப்படியே இருந்தது. பையனைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பெண், "சார், இது நெஜமா சார்?" என்று கேட்டாள்.

சாயங்காலம் விட்டுவிட்டார்கள். மறுநாள் அவன் அம்மா கம்பெனிச் சீருடையோடு வந்தார். பையனின் இடது காது சரியாகக் கேட்கவில்லை. அதைவிடப் பெரிய பயம் அவருக்கு வேறு இருந்தது. எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான் என்று வழக்குப் போடப் போகிறார்களாம்.

"நாங்க வேற பக்கம், நோணாங்குப்பம் சார். எம்புள்ள வில்லியனூர் பஸ்ல ஏன் சார் ஏறப்போறான்? கேட்டா, அவனே சொன்னான்றாங்க. நீ ஏன்டா சொன்னன்னு கேட்டா, சார் சொல்லச் சொன்னாருன்றான்."

தலைமையாசிரியர் என்னைத் தனியாக அழைத்தார். "சார், நீங்க போய் நாடகம், முட்டன்னு சொன்னா ஸ்கூல் மானம் போயிடும். பையன் ஏதோ வெளயாட்டா சொல்லிட்டான்னு மன்னிப்பு எழுதிக் குடுத்துடலாம். டீசியும் குடுத்துடலாம்."

"டீசி எதுக்கு சார்? நாடகம் எழுதினது நானு. எனக்குக் குடுங்க."

"இன்னா சார், இதுலயும் காமெடியா?"

காமெடி இல்லை. என் முகம் அப்படி அமைந்துவிட்டது. துக்க வீட்டில்கூட என்னைப் பார்த்தால் சிலர் சிரிப்பை அடக்குவார்கள்.

பையனின் அம்மா கொடுத்த புகாரை விசாரிக்கப் போலீஸ் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். முட்டை, தொப்பி, வாட்ச்மேன் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"போலீஸ் உள்ள வந்து கேட்டா, குத்தம் செய்யாதவன் நான்தான்னு எப்படி சார் சொல்லுவான்? நம்புற மாதிரி இருக்கா?"

"நடிச்சுக் காட்டறேன் சார்."

பையனை அழைத்தார்கள். அம்மா கதவருகே நின்றார். காதில் பஞ்சோடு வந்தவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஒண்ணும் இல்லடா, நம்ம நாடகம்தான்" என்று மெதுவாகச் சொன்னேன். எந்தக் காதின் பக்கம் நின்று சொன்னேன் என்பதைக் கவனிக்கவில்லை. வெளியே போய், வழக்கம்போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

"எவன்டா அது?"

இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு அவன் தரையில் குந்திவிட்டான்.

வசனம் வரவில்லை. எத்தனையோ முறை என்னைப் பார்த்துச் சிரித்தவன், நாற்காலிக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு நடுங்கினான். அம்மா ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். நான் இன்ஸ்பெக்டராகத் தள்ளிய வயிற்றை உள்ளே இழுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

அதிகாரி பேனாவை மூடி வைத்தார். "போதும் சார்" என்றார். பையனிடம் குனிந்து, "தம்பி, உன்மேல கேஸ் இல்ல. ஸ்கூலுக்கு வா" என்றார். அந்த சப்-இன்ஸ்பெக்டர்மேல் விசாரணை தனியாக நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். நடக்கிறது என்றுதான் இன்றும் சொல்கிறார்கள்.

பையன் ஒரு வாரம் கழித்து வந்தான். வகுப்பில் இடது சுவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டான், நல்ல காது என் பக்கம் இருக்கும்படி. அந்த ஆண்டு விழாவில் நாடகம் போடவில்லை. இப்போதெல்லாம் எந்த வகுப்புக்குள் நுழைவதற்கு முன்பும் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் போகிறேன். வாத்தியார் கதவைத் தட்டுகிறாரே என்று மற்ற வகுப்புப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் யாரும் சிரிப்பதில்லை.