தணித்துச் சொன்னவள்

தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் பேசும்போது திரையின் வலது மூலையில், ஒரு வட்டத்துக்குள், ஒருத்தி கையை ஆட்டிக்கொண்டு நிற்பாளே, அவளுடைய கதை இது. காது கேட்கிறவர்கள் அவளைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும், பாவம், கொசு விரட்டுகிறாள் என்று கேலி பேசிவிட்டு சேனலை மாற்றிவிடுவார்கள். வயது நாற்பத்தேழு. பதினொரு வருடமாக அதே வட்டம், அதே கறுப்புச் சட்டை, தரையில் ஒட்டிய டேப் மேல் அதே நிற்பு. இரண்டு பேர் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறிச் செய்யவேண்டிய வேலை. நிலையத்தில் அவள் ஒருத்திதான். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கக்கூடத் தோள் மக்கர் பண்ணும். இன்னொரு ஆள் வேண்டுமென்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பிறந்ததுமே தலையில் கட்டிவிட்டார்கள். ஆறு வயது மூத்த அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நாலு வயதில் அவள் கை பேசக் கற்றுக்கொண்டது. அன்றிலிருந்து கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எங்கும் அண்ணனுக்கு அவள்தான் வாயும் காதும். அம்மா ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தாள்: அவன் மனசு நோகாமல் சொல்லு. "இந்தச் செவிட்டை எதுக்குக் கூட்டிட்டு வந்தே" என்று கடைக்காரர் எரிந்து விழுந்தால், சாமான் தீர்ந்துவிட்டதாம் என்று சொல்வாள். ஊமைக்குக் கொடுக்கவா பெண்ணைப் பெற்றோம் என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். பெண் மேலே படிக்க ஆசைப்படுகிறாளாம் என்று அண்ணனிடம் சொன்னாள். உலகம் முழுக்க மரியாதை தெரிந்தவர்கள்தான் என்று நம்பியே அவருக்கு நரை தட்டிவிட்டது.

அந்த அண்ணன் இப்போது காது கேளாதோர் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஓய்வுபெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. அவர்களுடைய சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். அண்ணிக்கும் காது கேட்காது. துணி ஆலையில் தரம் பார்க்கிறவள், கண்ணில் எதுவும் தப்பாது.

தேர்தல் வந்தது. நாட்டையே ஆளப் போட்டியிட்டவர்களில் ஒருவருக்கு, நிலையத்தில் மேக்கப் போடும் பெண் 'உறுமல்' என்று பெயர் வைத்திருந்தாள். உறுமலுக்கு யாரைப் பார்த்தாலும் ஆகாது. வெளியிலிருந்து வந்தவர்கள், வேறு மாதிரி கும்பிடுகிறவர்கள், எதிர்த்துக் கேட்கிறவர்கள் எல்லோரையும் விரட்டுவேன், பூட்டுவேன், ஒழிப்பேன் என்பார். நிலையத்தில் தினமும் வந்து உட்காரும் நிபுணர் ஒருவர் வரைபடத்தைக் குச்சியால் தட்டித் தட்டி விளக்குவார்: நாடு தழுவிய தேர்தலில் மக்கள் நடுவுக்குத்தான் வருவார்கள், ஓரத்தில் நின்று கத்துகிறவருக்குக் கைதட்டல் கிடைக்கும், ஓட்டு கிடைக்காது. பத்திரிகைகளும் உறுமலின் பேச்சைக் 'காரசாரம்' என்று எழுதி முடித்துக்கொண்டன.

ஒரு நாள் அவருடைய கூட்டம் நேரலை. எழுதிவைத்துப் பேசும் வழக்கம் அவருக்குக் கிடையாது, அதனால் என்ன வரும் என்று இவளுக்கும் தெரியாது. காதில் விழுவதற்கும் கை எழுவதற்கும் நடுவே மூன்று விநாடி கிடைக்கும். அந்த மூன்று விநாடியில்தான் அவள் பிழைப்பே ஓடுகிறது.

"காது கேக்கல, கண்ணு தெரியலன்னு சொல்லிக்கிட்டு ஒரு கூட்டம் உட்கார்ந்தே தின்னுது. அதுங்களுக்குத் தனிப் பள்ளிக்கூடம் வேற. இந்த நாடு என்ன சத்திரமா? நான் வந்தா முதல் பூட்டு அதுக்குத்தான்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் கை எழுந்தது. காது கேளாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் உதவி ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும், அவர்களுடைய பள்ளிகளைச் சீர்திருத்துவேன் என்று சொல்லிவிட்டு இறங்கியது. யோசித்துச் செய்தாள் என்றால் அவளிடம் இல்லாத சாமர்த்தியத்தை அவள்மேல் ஏற்றியதாகும். நாலு வயதில் பழகிய கை, அவ்வளவுதான். அந்தப் பக்கம் அண்ணன் உட்கார்ந்து பார்க்கிறார் என்று அதற்குத் தெரியும்.

நிலையத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் கையைப் படிக்கத் தெரிந்தவர் அந்த ஐந்து மாடியில் ஒருவர்கூட இல்லை. சற்று நேரத்தில் போனில் அண்ணனின் செய்தி வந்தது. 'இத்தனை வருஷத்துல நம்மளப் பத்தி மேடையில பேசின முதல் ஆள் இவர்தான்.'

அப்போதே சொல்லியிருக்கலாம். எப்படியும் ஜெயிக்கப்போவதில்லை, நிபுணரே சொல்கிறார், எதற்கு வீணாக அண்ணன் மனதைப் புண்படுத்துவது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த கூட்டத்துப் பேச்சையும் தணித்தாள், அதற்கடுத்ததையும். கத்துகிறவருக்குத் தொண்டை வலிக்கவில்லை. அந்தக் கத்தலை அமைதிப்படுத்துகிற இவளுக்குத்தான் தோள் கழன்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தபோது அண்ணி அவளைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். கை பேசும்போது முகமும் சேர்ந்து பேசவேண்டும். முகம் பாதி வார்த்தை.

"அந்தாளுக்குக் கழுத்து நரம்பு தெறிக்குது. உன் மூஞ்சி மட்டும் ஏன் தூங்குது?" என்றாள் அண்ணி.

உடம்பு முடியவில்லை என்று சொல்லிச் சமாளித்தாள். ஆலையில் பழுதுள்ள துணியைப் பார்ப்பதுபோல் அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள்.

வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் இருக்கையில் அண்ணன் ஒரு காகிதத்தை நீட்டி, பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னார். சங்கத்தின் தீர்மானம். நூற்று நாற்பது உறுப்பினர்களும் குடும்பத்தோடு உறுமலுக்கே வாக்களிப்பது என்று முடிவாகியிருந்தது. மற்ற ஊர்ச் சங்கங்களும் அதையே பார்த்து எழுதப்போகின்றனவாம். பள்ளிக்கூடத்தில் காது கேட்கிற வாத்தியார் ஒருவர் இவரைக் கூப்பிட்டு, அந்த ஆள் உங்களைக் கேவலமாகப் பேசுகிறார் என்று எழுதிக் காட்டியிருக்கிறார். என் தங்கை சொல்லாததையா நீங்கள் சொல்லிவிடப்போகிறீர்கள் என்று அண்ணன் பதில் எழுதிவிட்டு வந்துவிட்டார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை அவளால் பார்க்க முடியவில்லை. ஒரு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தாள். இன்னமும் அந்த நிபுணரைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மேக்கப் நாற்காலியில் பக்கத்தில் அதே நிபுணர் உட்கார்ந்திருந்தார். குச்சி மடியில் இருந்தது. முகம் களைத்திருந்தது.

"என் மாமனார் உறுமலுக்குத்தான் போடப்போறாராம்மா. ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனுஷன். கேட்டா, அவர் சும்மா வாயில சொல்றாருப்பா, செய்யவா போறாருங்கறார். தெருவுல பாதிப் பேர் அப்படித்தான் சொல்றாங்க."

இதை நீங்கள் டிவியில் சொல்லலாமே என்று கேட்டாள். எதற்கு வீணாக ஜனங்களைப் பயமுறுத்துவது என்று சொல்லிவிட்டு அவர் பவுடரைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். நடுவுக்குத்தான் வருவார்கள் என்று அன்றும் தட்டினார். அந்த மாமனாருக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை; கேட்டதைத் தனக்குத்தானே தணித்துக்கொண்டிருக்கிறார். இப்படி வீட்டுக்கு ஒருவர் இருந்தால் போதும், உறுமல் ஜெயித்துவிடுவார் என்று அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளிக்கூடத்துக்கே போனாள். பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். ஒருவர் கையை ஒருவர் பார்ப்பதற்காக அரைவட்டமாகப் போட்ட மேசைகள். கதவுக்கு மேலே, மணிக்குப் பதிலாக எரியும் விளக்கு. பலகையில் பின்னக் கணக்கு. அண்ணனை உட்காரவைத்து, அந்த முதல் பேச்சை ஒரு சொல் விடாமல், உறுமலின் முகத்தோடு, கூட்டத்தின் சிரிப்போடு சொல்லிக் காட்டினாள். சொல்லும்போதே கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவும் முடியாது, கை பேசிக்கொண்டிருந்தது.

அண்ணன் கேட்டார்.

"எத்தனை பேச்சு?"

"ஒம்பது."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தாண்ணா."

அவர் எழுந்து பலகையைத் துடைத்தார். ஒன்றும் எழுதாத மூலைகளையும் துடைத்தார். பிறகு திரும்பி, நாளைக்குச் சங்கத்துக்கு வந்து எல்லோர் முன்னாலும் இதைச் சொல் என்றார். அதற்கு மேல் அவளைப் பார்க்கவில்லை. இவர்களிடையே பார்க்காமல் இருப்பதென்றால் பேச்சையே நிறுத்திவிட்டதாக அர்த்தம்.

சனிக்கிழமை நூற்றுப்பத்துப் பேர் முன்னால் நின்று ஒன்றரை மணி நேரம் சொன்னாள். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் நின்றாள். சில பெண்கள் அழுதார்கள். சிலர் எழுந்து போனார்கள். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற அச்சக ஊழியர் ஒருவர் தரையைக் காலால் தட்டி எல்லோரையும் தன் பக்கம் திருப்பினார்.

"அன்னைக்குச் சொன்னது பொய்னா, இன்னைக்குச் சொல்றது நிஜம்னு எப்படி நம்பறது? எந்தக் கட்சிக்காரன் அனுப்பி வந்தே?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தீர்மானத்தைத் திரும்பப் பெறுவதா வேண்டாமா என்று வாக்குவாதம் நடந்து, ஆளுக்கு ஆள் பிய்த்துக்கொண்டு, முடிவில்லாமலே கலைந்தார்கள்.

ஞாயிறு ஓட்டு, திங்கள் முடிவு. உறுமல் நாற்பது லட்சம் வித்தியாசத்தில் ஜெயித்தார். நூற்று நாற்பது பேர் இந்தப் பக்கம் போட்டிருந்தாலும் அந்தப் பக்கம் போட்டிருந்தாலும் அவருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதை நினைத்து ஆறுதல்பட முயன்றாள், ஆறுதல் வரவில்லை. நிபுணர் அதே வரைபடம், அதே குச்சியோடு வந்து, இப்படிப்பட்டவர்கள் ஏன் ஜெயிக்காமல் இருக்க முடியாது என்று நாலு காரணங்களை அடுக்கினார்.

சாயங்காலம் வெற்றிப் பேச்சு. இனி ஒரு சொல்லையும் மாற்றுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு டேப் மேல் நின்றாள். அவரோ அன்று உறுமவே இல்லை. குரல் தழுதழுத்தது. எனக்கு ஓட்டுப் போடாதவர்களும் என் பிள்ளைகள்தான், யாரும் பயப்படவேண்டாம், எல்லோரையும் அணைத்துக்கொண்டு போவேன் என்றார். அத்தனையும் அவர் வாயிலிருந்து வந்ததுதான். அவள் அப்படியே சொன்னாள், முகமும் அவர் முகத்தைப்போலவே கனிந்தது.

முடிந்து இறங்கியபோது போன் அதிர்ந்தது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அண்ணனிடமிருந்து முதல் செய்தி.

'இதுவும் நீ மாத்தினதா?'

'இல்லண்ணா. அவர் சொன்னதுதான்' என்று அனுப்பினாள்.

விளக்குகளை அணைத்துவிட்டார்கள். மேக்கப் போடும் பெண்ணும் கிளம்பிவிட்டாள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது இன்னொரு செய்தி இருந்தது.

'அப்பா கடைசியா என்னப் பத்திச் சொன்னது?'

அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. அன்றைக்கு அண்ணன் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார், இவள் தலைமாட்டில் குனிந்து அப்பாவின் உதட்டருகே காதை வைத்திருந்தாள். நிமிர்ந்து, உன்னை நினைத்தால்தான் பெருமை என்று சொன்னார் என்று அண்ணனிடம் சொன்னாள். அந்த ஒரு வரியை அவர் வகுப்பில் சொல்லியிருக்கிறார், சங்கத்தில் சொல்லியிருக்கிறார்.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை. உண்மை சொல்லவும் தெம்பில்லை. வெகுநேரம் கழித்து, அன்று காதில் விழுந்ததை அப்படியே, 'தண்ணி கேட்டார்ணா' என்று எழுதி அனுப்பினாள்.